ஆறாம் எண் முன்மொழிவு: தெரிந்த முகங்கள் தோற்கடித்த ஒரு சட்டம்

1978 நவம்பர் 7 அன்று கலிபோர்னியா மாநில வாக்குச்சீட்டில் ஆறாம் எண் முன்மொழிவு என்று ஒரு கேள்வி இருந்தது. கையெழுத்துத் திரட்டி அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தவர் ஜான் பிரிக்ஸ். ஆரஞ்சு கவுன்ட்டியைச் சேர்ந்த மாநில செனட்டர், ஆளுநர் நாற்காலி மீதும் கண் வைத்திருந்தவர். பொதுப் பள்ளிகளில் வேலை பார்க்கும் தன்பாலீர்ப்பாளர்களை நீக்கும் சட்டம் என்று எல்லோரும் அதைச் சுருக்கிச் சொன்னார்கள். சுருக்கம் தவறில்லை. ஆனால் அதில் முக்கியமான பாதி விடுபட்டுப்போகிறது.

சட்ட வாசகம் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகக் குறித்தது. ஒன்று, பிறர் அறியும்படியான தன்பாலுறவுச் செயல். இன்னொன்று, அத்தகைய உறவை ஆதரிப்பது, தூண்டுவது, ஊக்குவிப்பது, பரப்புவது. அது பள்ளிப் பிள்ளைகளின் கவனத்துக்கோ சக ஊழியர்களின் கவனத்துக்கோ வரக்கூடியதாக இருந்தாலே போதும். இந்த இரண்டாவது குற்றத்தைச் செய்ய ஒருவர் தன்பாலீர்ப்பாளராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மனைவி, பிள்ளைகளோடு வாழும் ஓர் ஆசிரியர் ஒரு பொதுக்கூட்டத்தில் எழுந்து, 'இவர்கள் என்ன தப்புச் செய்தார்கள்?' என்று கேட்டு, அது மறுநாள் செய்தித்தாளில் வந்தால், அவர் மேலும் விசாரணை வைக்கலாம். ஆசிரியர்கள் மட்டுமல்ல, உதவியாளர்கள், ஆலோசகர்கள், பள்ளி நிர்வாகிகள் எல்லோரும் இதன் கீழ் வந்தார்கள்.

அந்தரங்க வாழ்க்கையை விட்டுவிட்டு பேச்சின் மேல் ஏன் இவ்வளவு அக்கறை? அதற்கு முந்தைய பத்தாண்டைப் பார்த்தால் புரியும். தன்பாலுறவு கொண்டார் என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆசிரியரின் உரிமத்தைப் பறிக்க முடியாது, அவர் வேலைக்குத் தகுதியற்றவர் என்று காட்டியாக வேண்டும் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1969லேயே சொல்லிவிட்டது. வயதுவந்தோர் தங்களுக்குள் சம்மதத்தோடு கொள்ளும் உறவு குற்றமில்லை என்று 1975ல் சட்டம் வந்தது. மாநில செனட்டில் 20க்கு 20 என்று வாக்குகள் சமமாக நிற்க, வெளியூர் போயிருந்த துணை ஆளுநர் மெர்வின் டைமாலி டென்வரிலிருந்து விமானம் பிடித்து வந்து தன் ஒற்றை வாக்கால் நிறைவேற்றிய மசோதா அது. ஆக 1978ல் நான்கு சுவருக்குள் நடப்பது சட்டத்தின் கையை விட்டுப் போயிருந்தது. மிச்சமிருந்தது வெளியே தெரிவது மட்டும்தான்.

தன்பாலீர்ப்பாளர்களுக்குப் பேரணி எதற்கு, கொடி எதற்கு, வீட்டுக்குள் எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்பும் ஆவணம் இதுதான். வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பதைச் சரியாகக் கணித்தவர்கள் எதிர்ப்பாளர்கள். அதனால்தான் அதற்கு எதிராகவே ஒரு சட்டம் எழுதினார்கள்.

மயாமி சொல்லிக்கொடுத்தது

பிரிக்ஸ் திடீரென்று முளைத்தவர் அல்ல. 1977 ஜனவரியில் புளோரிடாவின் டேட் கவுன்ட்டி (மயாமி நகரம் அதற்குள்தான் வருகிறது) வேலையிலும் வாடகை வீட்டிலும் தன்பாலீர்ப்பாளரை ஒதுக்கக் கூடாது என்று உள்ளூர் விதி ஒன்றைக் கொண்டுவந்தது. பாடகியும் ஆரஞ்சுப் பழச்சாறு விளம்பரங்களின் முகமுமான அனிதா பிரையன்ட் அதை எதிர்த்து இயக்கம் தொடங்கினார். இயக்கத்தின் பெயர் 'நம் குழந்தைகளைக் காப்போம்'. பெயரிலேயே வாதம் அடங்கிவிட்டது. ஜூன் 7 அன்று நடந்த வாக்கெடுப்பில் 69க்கு 31 என்ற விகிதத்தில் விதி ரத்தானது. அதே கோடையில் புளோரிடா தன்பாலீர்ப்பாளர் குழந்தை தத்தெடுப்பதையும் தடைசெய்தது. அந்தத் தடை விலக 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1978ல் செயின்ட் பால், விச்சிட்டா, யூஜீன் என்று மூன்று நகரங்களில் இதே போன்ற விதிகள் வாக்கெடுப்பில் அடுத்தடுத்து விழுந்தன.

டேட் கவுன்ட்டியில் விதியைக் காக்க நினைத்தவர்கள் எப்படிப் பிரசாரம் செய்தார்கள் என்பது இந்த ஆய்வுக்கு முக்கியம். அவர்கள் 'மனித உரிமை' என்ற பொதுச்சொல்லைச் சுற்றியே நின்றார்கள். கண்ணியமான சொல், யாரும் மறுக்க முடியாத சொல். ஆனால் அந்தச் சொல்லுக்கு முகம் இல்லை. எதிர்த்தரப்போ ஒரு முகத்தைத் தெளிவாக வரைந்து காட்டியது: பள்ளி வாசலில் காத்திருக்கும் அந்நியன். வாக்காளர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்த தன்பாலீர்ப்பாளர் என்று யாருமே இல்லை. இருந்தார்கள், ஆனால் இவர்களுக்குத் தெரியாது. அந்த வெற்றிடத்தில் யார் முதலில் படம் வரைகிறார்களோ அவர்கள் வரைந்ததே நிலைத்துவிடுகிறது. 1977ல் கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், தன்பாலீர்ப்பாளரைத் தொடக்கப்பள்ளி ஆசிரியராக வேலைக்கு வைக்கலாம் என்று சொன்ன அமெரிக்கர்கள் 27 சதவீதம் மட்டுமே.

இந்தத் தோல்விகளை அடுக்கிப் பார்த்த, பிரிக்ஸை எதிர்த்த சான் பிரான்சிஸ்கோ ஆட்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. பேச்சுரிமை, தனியுரிமை, ஆசிரியர் சங்க உரிமை என்று பொதுவாகப் பேசி நடுநிலை வாக்காளரைப் பிடிப்பது ஒன்று. அந்த வழியில் உழைத்தவர்களும் உண்டு, பணமும் செல்வாக்கும் அவர்களிடம்தான் அதிகம். இன்னொன்று, முகத்தைக் காட்டுவது.

ஊர்ப் பெயர் எழுதிய அட்டை

முகத்தைக் காட்டச் சொன்னவர்களில் முன்னால் நின்றவர் ஹார்வி மில்க். காஸ்ட்ரோ தெருவில் கேமரா கடை வைத்திருந்தவர், 1977 நவம்பரில் நகர மேற்பார்வையாளர் குழுவுக்கு (அதாவது நகரமன்றத்துக்கு) வெளிப்படையான தன்பாலீர்ப்பாளராகவே தேர்வானவர். 1978 ஜூன் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த தன்பாலீர்ப்பாளர் ஆண்டுப் பேரணியில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் கூடினார்கள். கில்பர்ட் பேக்கரும் நண்பர்களும் கையால் சாயமேற்றித் தைத்த வானவில் கொடி முதன்முதலாக ஏறியது அன்றுதான். அப்போது அதில் எட்டு நிறங்கள். இன்று உலகெங்கும் தெரியும் ஆறு நிறக் கொடி அடுத்த ஆண்டு வாக்கில் வந்தது.

கொடியைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அன்றைய இன்னொரு யோசனை. ஊர்வலத்தில் வருபவர்கள் தாங்கள் பிறந்த ஊரின் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்று மில்க் கேட்டுக்கொண்டார். அவரே திறந்த காரின் மேல் உட்கார்ந்து, நியூயார்க் மாநிலத்தின் உட்மியர் என்ற தன் ஊர்ப் பெயரைத் தூக்கிப் பிடித்திருக்கும் படம் இருக்கிறது. தன்பாலீர்ப்பாளர் என்றால் சான் பிரான்சிஸ்கோக்காரர், எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு கூட்டம் என்று மற்ற மாவட்டங்கள் நினைத்துக்கொண்டிருந்த காலம். அந்த எண்ணத்தை அட்டைகள் உடைத்தன. இவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர், உங்கள் ஊர்ப் பள்ளியில் படித்துவிட்டு அங்கே வாழ முடியாமல் இங்கே வந்தவர்கள் என்று அவை சொல்லாமல் சொல்லின.

அன்றைய மேடைப் பேச்சில் மில்க் கேட்டது பேரணிக்கு வந்ததோடு நிற்காதே என்பதுதான். வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் சொல், உறவுகளிடம் சொல், உண்மையான நண்பர்களாக இருந்தால் அவர்களிடமும் சொல், பக்கத்து வீட்டாரிடமும் கூட வேலை செய்பவர்களிடமும் சொல், நீ போகும் உணவகத்திலும் கடையிலும் இருப்பவர்களிடம் சொல் என்று வரிசையாகச் சொன்னார். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். தொலைக்காட்சி நேயர்களுக்குச் சொல் என்று அதில் இல்லை. ஏற்கெனவே உன்னைத் தெரிந்தவர்களுக்கு, உன்னைப் பிடித்தும் போனவர்களுக்குச் சொல் என்பதே சாரம்.

இங்கேதான் பேரணிக்கும் வீட்டில் சொல்வதற்கும் உள்ள உறவு தெரிகிறது. பேரணி வெளியாரைத் திருத்துவதற்காக நடக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள், பிறகு அது திருத்தவில்லை என்று குறையும் சொல்கிறார்கள். என் கணிப்பில் ஊர்வலத்தைப் பார்த்து மனம் மாறியவர்கள் கொஞ்சம் பேர்தான். சிலருக்கு எரிச்சல்கூட வந்திருக்கும். பேரணியின் முதல் வேலை உள்ளே இருப்பவர்களுக்கானது. சிறு ஊரில், தன்னைப் போல் இன்னொருவரைப் பார்த்தே இராதவர், அம்மாவிடம் போய் உண்மையைச் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்: வீட்டைவிட்டு வெளியே போகச் சொன்னால் போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறதா, ஆட்கள் இருக்கிறார்களா? இரண்டு லட்சம் பேர் நடந்து போகும் படம் அந்தக் கேள்விக்கான பதில். அதற்கப்புறம்தான் சாப்பாட்டு மேசையில் பேச்சு எழும்.

அந்த இலையுதிர் காலம் முழுக்க இந்தப் பேச்சுகள் நடந்தன. தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போனார்கள். சான் பிரான்சிஸ்கோ ஆசிரியர் டாம் அமியானோ, 1975லேயே வெளிப்படையாகத் தன்னை அறிவித்துக்கொண்டவர், சக ஆசிரியர்களைத் திரட்டினார். சட்டம் வென்றால் முதலில் வேலை போகிறவர்களில் தானும் ஒருவர் என்று தெரிந்தே செய்தார். மில்க்கும் பேராசிரியர் சாலி கெர்ஹார்ட்டும் பிரிக்ஸோடு மேடை மேடையாக விவாதித்தார்கள். தன்பாலீர்ப்பைப் பாடம் நடத்திச் சொல்லிக்கொடுக்க அது என்ன பிரெஞ்சு மொழியா என்று மில்க் கேட்டதும், பிள்ளைகள் ஆசிரியர்களைப் பார்த்து அப்படியே மாறுவார்கள் என்றால் ஊரில் இந்நேரம் கன்னியாஸ்திரிகள் நிறைந்திருப்பார்களே என்று சொன்னதும் கூட்டத்தைச் சிரிக்கவைத்தன. பயமுறுத்தப் படைத்த உருவம் எதிரே உட்கார்ந்து ஜோக் அடித்தால் பயம் நீர்த்துவிடுகிறது. ஒரு லெஸ்பியன் பெண் மேடையில் நிதானமாகப் புள்ளிவிவரம் பேசுவதும் அதே வேலையைத்தான் செய்தது.

முடிவும் அதற்கான காரணங்களும்

செப்டம்பரில் முன்மொழிவுக்கு ஆதரவு எதிர்ப்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு இருந்தது. நவம்பர் 7 அன்று 58.4 சதவீதம் பேர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். வித்தியாசம் 10 லட்சம் வாக்குகளுக்கும் மேல். பிரிக்ஸின் சொந்த ஆரஞ்சு கவுன்ட்டியிலேயே அது தோற்றது. அன்றே சியாட்டிலிலும் ஒரு பாகுபாடு எதிர்ப்பு விதியை நீக்கும் முயற்சி 63க்கு 37 என்று தோற்றது.

சரி, இது முழுக்க முகம் காட்டியதால் வந்த வெற்றியா? அப்படிச் சொன்னால் அது நேர்மையில்லை. முன்மொழிவின் வாசகமே தன் கழுத்தில் கயிறு கட்டிக்கொண்டது. பேச்சைக் குற்றமாக்கியதால் ஆசிரியர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் வேறு வழியின்றி எதிர்த்தன. முன்னாள் ஆளுநர் ரொனால்ட் ரீகன் எதிர்த்தார். தன்பாலீர்ப்பு ஒன்றும் அம்மை மாதிரித் தொற்றுநோய் அல்ல என்று வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் இருக்கையில் பத்திரிகையில் எழுதினார். மதிப்பெண் பிடிக்காத மாணவன் ஆசிரியர் மேல் இந்தக் குற்றச்சாட்டை வீசினால் என்ன ஆகும் என்பதும் அவருடைய கவலைகளில் ஒன்று. முன்னாள் அதிபர் ஃபோர்டும் எதிர்த்தார். அதிபர் கார்ட்டர் சாக்ரமென்டோவில் பேசி முடித்துவிட்டுக் கிளம்பும்போது, ஃபோர்டும் ரீகனும் ஏற்கெனவே எதிர்த்துவிட்டார்கள், பயமில்லை என்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் காதில் போட்டது ஒலிவாங்கியில் கேட்டுவிட்டது. கார்ட்டர் திரும்பி வந்து ஆறாம் எண்ணை எதிர்க்கச் சொன்னார். அரசியல் துணிச்சல் எந்த வரிசையில் வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

ஆனால் ரீகன் எப்படி அங்கே வந்து நின்றார் என்றும் பார்க்க வேண்டும். அவரைப் போய்ப் பார்த்துப் பேசியவர்களில் டேவிட் மிக்ஸ்னரும் பீட்டர் ஸ்காட்டும் இருந்தார்கள். இருவரும் தன்பாலீர்ப்பாளர்கள், அதை மறைக்காமல் போனவர்கள். ரீகனிடம் அவர்கள் வைத்தது சுதந்திரம், ஒழுங்கு, பழிவாங்கல் பற்றிய வாதங்கள். பொதுக் கொள்கை வாதமும் முகம் காட்டுவதும் ஒன்றுக்கொன்று எதிரிகள் இல்லை என்பதற்கு இது உதாரணம். வாதத்தை எடுத்துக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் நேரில் உட்கார்ந்திருந்தால் வாதத்தின் எடையே வேறு.

எதிர் உதாரணமாக ஓக்லஹோமா இருக்கிறது. அதே 1978ல் ஏறத்தாழ பிரிக்ஸின் வாசகத்தையே அந்த மாநிலச் சட்டமன்றம் சட்டமாக்கியது. பொது வாக்கெடுப்பு இல்லை, வீடு வீடாகப் பேச்சு இல்லை, சத்தமில்லாமல் நிறைவேறியது. பேச்சைத் தண்டிக்கும் பகுதி செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல 1984 ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 4க்கு 4 என்று பிளவுபட்டதால் அந்தத் தீர்ப்பு அப்படியே நின்றது.

முப்பது ஆண்டுகள் கழித்து அதே மாநிலம்

2008 நவம்பர். கலிபோர்னியாவில் தன்பால் திருமணம் ஜூன் மாதம் முதல் சட்டப்படி நடந்துகொண்டிருந்தது. அதை நிறுத்த எட்டாம் எண் முன்மொழிவு வந்தது. இரு தரப்பும் சேர்த்துச் செலவிட்டது 8 கோடி டாலருக்கு மேல். எதிர்ப்புத் தரப்பின் தொலைக்காட்சி விளம்பரங்களில் சமத்துவம், பாகுபாடு, அரசமைப்பு எல்லாம் இருந்தன. தன்பால் தம்பதியர் மட்டும் ஏறக்குறைய இல்லை. அந்தச் சில மாதங்களில் சுமார் 18,000 இணையர் திருமணம் செய்திருந்தார்கள். ஆனாலும் திரையில் பேசியவர்கள் மகளுக்காகப் பரிந்துபேசும் பெற்றோரும் அரசியல் தலைவர்களும்தான். நடுநிலை வாக்காளர் மிரண்டுவிடுவார் என்று ஆலோசகர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். முன்மொழிவை ஆதரித்த தரப்பு வழக்கம்போல் குழந்தையைக் கொண்டுவந்தது. பள்ளியில் இளவரசன் இளவரசனையே மணக்கும் கதை படித்தேன் என்று ஒரு சிறுமி அம்மாவிடம் சொல்லும் விளம்பரம் மாநிலமெங்கும் ஓடியது. முன்மொழிவு 52.2 சதவீதத்தோடு வென்றது. திருமணங்கள் நின்றன.

1977ல் முகமில்லாத பிரசாரம், தோல்வி. 1978ல் முகம் காட்டிய பிரசாரம், வெற்றி. 2008ல் மறுபடி முகமில்லை, மறுபடி தோல்வி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூன்று வாக்கெடுப்புகளை வைத்து விதி எழுத முடியாது. வேலையைப் பறிப்பது வேறு, திருமணத்தை வரையறுப்பது வேறு. காலமும் வேறு, வாக்காளரும் வேறு. பழகினால் வெறுப்பு குறையும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954லேயே விரிவாக வாதிட்டிருந்தார், பிந்தைய கருத்துக்கணிப்புகளிலும் தன்பாலீர்ப்பாளரை நேரில் அறிந்தவர்கள் கூடுதலாக ஆதரிக்கிறார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. யார் ஏற்றுக்கொள்வார் என்று தோன்றுகிறதோ அவரிடம்தான் ஒருவர் முதலில் சொல்வார். அப்படியென்றால் அறிமுகம் ஆதரவைக் கொண்டுவந்ததா, ஆதரவு அறிமுகத்தைக் கொண்டுவந்ததா?

இதைச் சரியாகச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு எட்டாம் எண் வாக்கெடுப்பில் கண்ட தோல்வியிலிருந்தே பிறந்தது. தோற்ற பிறகு லாஸ் ஏஞ்சலீஸ் எல்ஜிபிடி மையத்தைச் சேர்ந்தவர்கள், தங்களுக்கு எதிராக வாக்களித்தவர்களின் கதவையே தட்டி, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று பொறுமையாகக் கேட்கத் தொடங்கினார்கள். தங்கள் கதையைச் சொன்னார்கள், அவர்களுடைய கதையையும் சொல்லச்சொன்னார்கள். இதை வைத்து 2014ல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பேசப்போனவர் தன்பாலீர்ப்பாளராக இருந்தால் மாற்றம் நிலைக்கிறது, இல்லாவிட்டால் தேய்ந்துவிடுகிறது என்றது. எல்லோரும் கொண்டாடினார்கள். சில மாதங்களில் தரவே போலி என்று தெரியவந்து 2015ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. போலியைக் கண்டுபிடித்தவர்களில் இருவர் டேவிட் புரூக்மனும் ஜோஷ்வா கல்லாவும். அவர்களே பின்னர் உண்மையான சோதனையைச் செய்தார்கள். இடம் மயாமி, அனிதா பிரையன்ட் வென்ற அதே கவுன்ட்டி. 501 வாக்காளர்களைச் சீட்டுக் குலுக்கும் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரிடம் திருநர் மீதான பாகுபாடு பற்றிச் சுமார் 10 நிமிடம் பேசினார்கள். வெறுப்பு குறைந்தது, மூன்று மாதம் கழித்தும் குறைந்தே இருந்தது.

2016ல் வெளியான அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த முடிவு, பிரசாரகர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒன்று. பேசப்போனவர் திருநராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாற்றம் ஏற்பட்டது. அதாவது, முகம் மட்டும் மந்திரம் போடுவதில்லை. கேட்பதும் கேட்கப்படுவதுமே வேலை செய்கின்றன. இது மில்க் சொன்னதை மறுக்கவில்லை, கொஞ்சம் திருத்துகிறது. வாசலில் நின்று பேசும், திருநர் அல்லாத அந்த நண்பருக்குச் சொல்ல ஒரு கதை வேண்டும், அந்தக் கதையை யாரோ ஒரு திருநர் எப்போதோ அவரிடம் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சுமையை எல்லா நேரமும் பாதிக்கப்பட்டவரே சுமக்க வேண்டியதில்லை என்பதும் இதிலிருந்து கிடைக்கும் நல்ல செய்தி.

விலை யார் கொடுத்தது

இதுவரை சொன்னது வெளிப்படுவதின் பயன். விலையைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு பாதிதான். அதற்கும் சான் பிரான்சிஸ்கோவிலேயே, மில்க்கின் வட்டத்திலேயே ஆள் இருக்கிறார்.

1975 செப்டம்பர் 22 அன்று செயின்ட் பிரான்சிஸ் ஹோட்டலுக்கு வெளியே அதிபர் ஃபோர்டைச் சாரா ஜேன் மூர் துப்பாக்கியால் சுட்டார். கூட்டத்தில் நின்ற ஆலிவர் சிப்பிள் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். சிப்பிள் வியட்நாமில் காயம்பட்ட முன்னாள் மரைன் படை வீரர். நகரின் தன்பாலீர்ப்பாளர் வட்டத்தில் அவரைத் தெரியாதவர் இல்லை, ஊர்வலங்களிலும் நடந்தவர். டெட்ராய்டில் இருந்த பெற்றோருக்கு மட்டும் தெரியாது. சில நாட்களில் ஒரு பத்திரிகைப் பத்தியில் விஷயம் வெளியாகி நாடெங்கும் பரவியது. பத்தியாளருக்குத் தகவல் கொடுத்தவர்களில் மில்க்கும் ஒருவர் என்பது மில்க்கின் வரலாற்றை எழுதியவர்களே பதிவு செய்திருப்பது. ஒரு தன்பாலீர்ப்பாளர் அதிபரைக் காப்பாற்றினார் என்ற செய்தி சமூகத்துக்குப் பெருமை தரும் என்று அவர் நினைத்தார். அது பெருமையும் தந்தது. சிப்பிளின் தாய் மகனோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

சிப்பிள் பத்திரிகைகள் மேல் வழக்குப் போட்டார். 1984ல் தோற்றார். நீதிமன்றம் சொன்ன காரணம் இந்தத் தலைப்புக்கே ஒரு முள்: தன்பாலீர்ப்பாளர் ஊர்வலங்களில் நடந்திருக்கிறார், நூற்றுக்கணக்கானோருக்குத் தெரியும், ஆகவே இது ரகசியமே அல்ல. நண்பர்களுக்குத் தெரிவதும் டெட்ராய்டில் அப்பா அம்மாவுக்குத் தெரிவதும் ஒன்றல்ல என்பது யாருக்கும் புரியும். நீதிமன்றத்துக்கு அது போதவில்லை. 1989ல் அவர் தனியாக இறந்தார்.

இதை வைத்து மில்க்கின் வழியே தவறு என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. ஜூன் 25 மேடையில் கேட்டதும் பத்தியாளரிடம் சொன்னதும் வேறு வேறு செயல்கள். முதலாவதில் முடிவெடுப்பவர் அந்த மனிதர், நேரமும் ஆளும் சொல்லும் அவருடையவை. இரண்டாவதில் அவர் வேறொருவரின் பிரசாரத்துக்கு உதாரணம் ஆகிறார். பேரணிப் படங்களை முகம் மறைக்காமல் இணையத்தில் ஏற்றுபவர்கள் இன்றும் இந்த வித்தியாசத்தை மறக்கிறார்கள். எண்ணிக்கையைக் காட்ட முகங்களை வெளியிடுகிறார்கள், அந்த முகங்களில் சிலர் வீட்டில் இன்னும் சொல்லாதவர்கள்.

மில்க்கும் விலை கொடுத்தார். வாக்கெடுப்பு முடிந்து 20 நாட்களில், நவம்பர் 27 அன்று, அவரையும் மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியையும் நகர மண்டபத்திலேயே முன்னாள் மேற்பார்வையாளர் டேன் வைட் சுட்டுக்கொன்றார். வானவில் கொடிக்கான தேவை கூடியது அந்தக் கொலைகளுக்குப் பிறகுதான்.

1979 மே மாதம் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்திலிருந்து, அதிகம் பேசப்படாத ஒரு தீர்ப்பு வந்தது. பசிபிக் டெலிபோன் நிறுவனத்துக்கு எதிராகத் தன்பாலீர்ப்பாளர் சட்ட மாணவர் சங்கம் தொடர்ந்த வழக்கு. ஊழியரின் அரசியல் செயல்பாட்டில் முதலாளி தலையிடக் கூடாது என்று மாநிலத் தொழிலாளர் சட்டத்தில் முன்பே இருந்தது. தன்னை வெளிப்படுத்திக்கொள்வதும் சம உரிமைக்காகக் குரல்கொடுப்பதும் அத்தகைய அரசியல் செயல்பாடே என்று நீதிமன்றம் சொன்னது. பிரிக்ஸின் முன்மொழிவு குற்றமாக்கப் பார்த்ததை ஏழு மாதத்துக்குள் ஒரு நீதிமன்றம் பாதுகாக்கப்பட்ட செயலாக்கியது. முன்மொழிவு வென்றிருந்தால் பள்ளி ஊழியர்களுக்கு அது என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

நாடு முழுவதற்குமான பாதுகாப்பு வர 2020 ஜூன் 15 வரை ஆனது. வேலையில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 1964ஆம் ஆண்டுச் சட்டம் தன்பாலீர்ப்பாளருக்கும் திருநருக்கும் பொருந்தும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று தீர்ப்பளித்தது. அதில் சேர்ந்த மூன்று வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். ஜெரால்டு பாஸ்டாக் தன்பாலீர்ப்பாளர்களின் சாஃப்ட்பால் அணி ஒன்றில் சேர்ந்த பிறகு வேலை இழந்தார். விமானத்திலிருந்து குதிக்கும் பயிற்சி தந்த டொனால்டு சார்டா, தான் தன்பாலீர்ப்பாளர் என்று வாடிக்கையாளர் ஒருவரிடம் சொன்ன பிறகு இழந்தார். இறுதிச் சடங்கு நிறுவனத்தில் வேலை பார்த்த எய்மி ஸ்டீஃபன்ஸ், இனி பெண்ணாகவே வேலைக்கு வருவேன் என்று கடிதம் எழுதிக் கொடுத்த பிறகு இழந்தார். மூவரும் வேலை இழந்தது தாங்கள் யார் என்பது வெளியே தெரிந்த பிறகுதான். சார்டா 2014லேயே இறந்துவிட்டார், ஸ்டீஃபன்ஸ் 2020 மே மாதம் இறந்தார். தீர்ப்பு வந்த நாளில் மூவரில் உயிரோடு இருந்தவர் பாஸ்டாக் மட்டுமே.